2 யூரோ நினைவு நாணயங்கள்: சில்லறையிலிருந்து ஒரு சேகரிப்பு

கொலோன் நகருக்கு வந்த முதல் ஆண்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையாக ஒரு 2 யூரோ நாணயம் கிடைத்தது. ஜெர்மனியின் வழக்கமான கழுகு அதில் இல்லை. வட்டெறியும் வீரன் ஒருவன் உடலை முறுக்கிக் குனிந்து நின்றான். பக்கத்தில் ஐந்து ஒலிம்பிக் வளையங்கள். போலிக் காசோ என்று முதலில் பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக கிரீஸ் வெளியிட்டது. உலகின் முதல் 2 யூரோ நினைவு நாணயமே அதுதான். எங்கோ தெற்கில் புழக்கத்துக்கு வந்த காசு எத்தனை பேர் கை மாறி ரைன் நதிக்கரை வரை வந்திருக்கும் என்று அன்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது.

அந்த நாளில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். யூரோ புழங்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை: பணம் கொடுத்து வாங்குவதை முதல் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். உங்கள் பையில் வந்து விழுவதை மட்டும் பாருங்கள். அந்தப் பழக்கம் கண்ணுக்குக் கற்றுத் தருவதை எந்தப் பட்டியலும் தராது. கையில் எடுத்து வைத்த காசு பிடிக்காமல் போனால் கடையில் கொடுத்து 2 யூரோவுக்குப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு சென்ட் கூட நஷ்டமாகாத சேகரிப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

எதை நினைவு நாணயம் என்கிறோம்?

யூரோ காசுகள் 2002 ஜனவரி 1 அன்று புழக்கத்துக்கு வந்தன. ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. பெல்ஜிய நாணயச்சாலையின் லூக் லைக்ஸ் வரைந்தது. மறுபக்கம் அந்தந்த நாட்டின் சொந்தப் பக்கம். ஏதாவது ஒரு நிகழ்வையோ மனிதரையோ இடத்தையோ நினைவுகூர, அந்தச் சொந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி வெளியிடுவதுதான் நினைவு நாணயம். இது 2 யூரோவில் மட்டுமே நடக்கும். 2004-இல் இதற்கு அனுமதி வந்தபோது ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்று என்றுதான் விதி இருந்தது. 2012 முதல் இரண்டு. எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரே படத்தில் வெளியிடும் கூட்டு நாணயம் இந்தக் கணக்கில் சேராது.

முக்கியமான விஷயம் இது. 2 யூரோ நினைவு நாணயம் யூரோ புழங்கும் எல்லா நாட்டிலும் செல்லும். ஃபின்லாந்துக் காசை போர்ச்சுகலில் கொடுத்து காபி குடிக்கலாம். ஆனால் 5, 10, 20 யூரோ என்று வெளியாகும் சேகரிப்பாளர் நாணயங்கள் வெளியிட்ட நாட்டில் மட்டும்தான் செல்லும். ஜெர்மனி 2016-இல் நடுவே நீல பாலிமர் வளையம் வைத்து ஒரு 5 யூரோ வெளியிட்டது. 2024-இல் கால்பந்துக்காக 11 யூரோ நாணயமே வந்தது. இரண்டும் அழகானவை, ஆனால் பாரிஸில் எந்தக் கடைக்காரரும் அவற்றை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இரண்டு வகையையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

இந்த வேறுபாட்டை வைத்து பெல்ஜியம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015-இல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு ஒரு 2 யூரோ நாணயம் வெளியிட பெல்ஜியம் திட்டமிட்டது. நெப்போலியன் தோற்ற போர் அல்லவா, தன் நாட்டுக் கடைகளிலும் புழங்கப்போகும் காசில் அது வேண்டாம் என்று பிரான்ஸ் எதிர்த்தது. பெல்ஜியம் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. அப்புறம் இரண்டரை யூரோ மதிப்பில் அதே நினைவை வெளியிட்டது! அந்த மதிப்பில் யூரோ காசு வழக்கத்திலேயே இல்லை. அதனால் அது பெல்ஜியத்துக்குள் மட்டும் செல்லும் நாணயம், அதற்கு மற்ற நாடுகளின் சம்மதம் தேவைப்படவில்லை. நான் சொன்ன விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கண்ணைப் பழக்குதல்

முதலில் வழக்கமான படங்களை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்குக் கழுகு, பிரான்ஸுக்கு மரம், இத்தாலிக்குக் கவிஞர் தாந்தேயின் பக்கவாட்டு முகம், ஆஸ்திரியாவுக்கு அமைதிக்காகப் போராடிய பெர்தா ஃபான் சுட்னரின் முகம், அயர்லாந்துக்கு யாழ், கிரீஸுக்குக் காளை மேல் அமர்ந்த புராணப் பெண் யுரோப்பா, ஃபின்லாந்துக்கு ஒரு காட்டுப் பழச்செடி, ஸ்லோவாக்கியாவுக்கு மலை மேல் இரட்டைச் சிலுவை, ஸ்பெயினுக்கு அரசர். இவற்றைத் தெரிந்துகொண்டுவிட்டால் இதில் சேராதது கையில் வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். நினைவு நாணயம்தானா என்று உறுதி செய்ய ஐரோப்பிய மத்திய வங்கியின் இணையதளத்தைப் பாருங்கள். ஆண்டுவாரியாக எல்லா நாணயங்களின் படமும் விளக்கமும் அங்கே இலவசமாக இருக்கின்றன. அதில் இல்லாத படம் என்றால் எச்சரிக்கை தேவை.

விளிம்பையும் படிக்கப் பழகுங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஜெர்மன் காசின் விளிம்பில் ஒற்றுமை, நீதி, சுதந்திரம் என்று பொருள்படும் ஜெர்மன் வரி ஓடும். நெதர்லாந்துக் காசில் கடவுள் நம்மோடு இருப்பாராக என்று டச்சு மொழியில் இருக்கும். லாட்வியாவுடையது, கடவுள் லாட்வியாவை ஆசீர்வதிக்கட்டும் என்கிறது. கிரேக்கக் காசில் நாட்டின் பெயர் கிரேக்க எழுத்திலேயே இருக்கும். முகத்தில் நாட்டின் பெயர் புரியாத காசு கிடைத்தால் பல சமயம் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வரிசையைப் பிடிப்பது?

யூரோ புழங்கும் நாடுகள் இப்போது 21. குரோஷியா 2023-இலும் பல்கேரியா 2026 ஜனவரி 1 அன்றும் சேர்ந்தன. இவற்றோடு மொனாக்கோ, சான் மரினோ, வத்திக்கான், அந்தோரா என்று நான்கு குட்டி நாடுகளும் ஒப்பந்தப்படி யூரோ காசு வெளியிடுகின்றன. 2004 முதல் இதுவரை வந்த நினைவு நாணயங்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. "எல்லாவற்றையும் சேர்ப்பேன்" என்று தொடங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் குட்டி நாடுகளின் விலையில் முட்டி நின்று, ஆல்பத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். முடிக்கக்கூடிய ஒரு சின்ன வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடித்த திருப்தி அடுத்ததற்குத் தள்ளும்.

என் முதல் பரிந்துரை கூட்டு நாணயங்கள். இதுவரை ஐந்து முறை வந்திருக்கின்றன: 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட ரோம் ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டு, 2009-இல் பொருளாதார நாணய ஒன்றியத்தின் 10-ஆம் ஆண்டு, 2012-இல் யூரோ காசு கைக்கு வந்த 10-ஆம் ஆண்டு, 2015-இல் ஐரோப்பியக் கொடியின் 30-ஆம் ஆண்டு, 2022-இல் எராஸ்மஸ் மாணவர் திட்டத்தின் 35-ஆம் ஆண்டு. ஒரே படம், நாட்டுக்கு நாடு மொழி மட்டும் மாறும். 2007-இல் 13 நாடுகள் வெளியிட்டன, 2009-இல் 16, 2012-இல் 17, கடைசி இரண்டிலும் 19. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2009-ஆம் ஆண்டு நாணயம். குழந்தை கோடு இழுத்தது போல ஒரு மனிதன், அவன் இடக்கையே யூரோ குறியாக நீள்கிறது. கிரேக்க நாணயச்சாலையின் சிற்பி ஒருவர் வடிவமைத்தது. குகை ஓவியக் காலத்துப் பண்டமாற்றிலிருந்து இன்றைய பணம் வரை ஒரே கோட்டில் சொல்ல முயன்றிருக்கிறார். 2007-ஆம் ஆண்டுக் காசையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒப்பந்த ஏட்டுக்குப் பின்னால் தெரியும் கோலம் போன்ற வடிவம், ரோமின் காம்பிடோலியோ சதுக்கத்துக்கு மைக்கலாஞ்சலோ வகுத்த தரைக் கல் அமைப்பு.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு மாநில வரிசை. 2006-இல் லூபெக் நகரின் ஹோல்ஸ்டன் வாயிலோடு தொடங்கியது. 2011-இல் எங்கள் கொலோன் பேராலயம், 2012-இல் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, 2017-இல் ட்ரியர் நகரின் ரோமானியக் கறுப்பு வாயில், 2020-இல் சான்சூசி அரண்மனை என்று போய் 2022-இல் வார்ட்புர்க் கோட்டையோடு 16 மாநிலமும் முடிந்தது. இவை கோடிக்கணக்கில் அச்சானவை என்பதால் காசு கொடுத்து வாங்காமலேயே பெரும்பாலும் சேர்த்துவிடலாம். நான் 16-இல் 14-ஐச் சில்லறையிலிருந்துதான் எடுத்தேன்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறும் ஒரு நுணுக்கம். ஜெர்மனிக்கு ஐந்து நாணயச்சாலைகள். பெர்லினுக்கு ஏ, மியூனிக்குக்கு டி, ஸ்டுட்கார்ட்டுக்கு எஃப், கார்ல்ஸ்ரூவுக்கு ஜி, ஹாம்பர்குக்கு ஜே. ஒவ்வொரு நினைவு நாணயத்தையும் ஐந்து நாணயச்சாலைகளும் அச்சிடுகின்றன. சின்னதாக ஓரெழுத்து மட்டும் மாறும். நாட்டைக் குறிக்கவும் டி எழுத்து வரும், மியூனிக்கைக் குறிக்கவும் டி வரும். முதல் மாதம் என்னிடம் இருந்த எல்லாக் காசும் மியூனிக் காசு என்றே நினைத்திருந்தேன். ஐந்தெழுத்தையும் சேர்ப்பதா, ஏதாவது ஒன்று போதுமா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஐந்தும் வேண்டுமென்றால் மாநில வரிசை 16 காசு அல்ல, 80 காசு. 2007 கூட்டு வரிசை 13 அல்ல, 17. ஒன்று போதும் என்பது என் கருத்து. படம் ஒன்றேதானே.

வெளியீடு குறைவாக உள்ள நாட்டை எடுத்துக்கொள்வதும் நல்ல வழி. ஆஸ்திரியா 2004 முதல் 2022 வரை வெளியிட்டது மொத்தமே எட்டு. அதில் ஐந்து கூட்டு நாணயங்கள். அயர்லாந்தும் அப்படித்தான். 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுக்கு அது வெளியிட்ட நாணயத்தில் டப்ளின் தபால் நிலையத்தின் கூரை மேல் நிற்கும், அயர்லாந்தைப் பெண்ணாக உருவகிக்கும் ஹைபர்னியா சிலை இருக்கிறது. ஸ்பெயின் 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிடுகிறது: கோர்தோபா பள்ளிவாசல், அல்ஹம்ப்ரா, அல்தமிரா குகையின் காட்டெருமை, செகோவியாவின் ரோமானிய நீர்ப்பாலம். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது போதும்.

நாட்டை விட்டுவிட்டுக் கருப்பொருளைப் பிடிப்பவர்களும் உண்டு. நான் இப்போது அந்தப் பாதையில்தான் இருக்கிறேன். மக்கள் எழுந்து நின்ற தருணங்கள் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். 1989 நவம்பர் 17 நினைவாக ஸ்லோவாக்கியா 2009-இல் வெளியிட்ட காசில் ஒரு மணி, அதன் நாக்கு சாவிகளால் ஆனது. அன்று கூட்டம் கூட்டமாக மக்கள் சாவிக்கொத்தை ஆட்டி ஒலி எழுப்பித்தான் ஆட்சியை எதிர்த்தார்கள். போர்ச்சுகலின் கார்னேஷன் புரட்சிக்கு 2014-இல் ஒன்று. பெருந்தொற்றில் உழைத்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் நன்றி என்ற ஒரே சொல்லோடு இத்தாலி 2021-இல் ஒன்று. உக்ரைனுக்கு ஆதரவாக எஸ்டோனியா 2022-இல் வெளியிட்ட காசைப் போரிலிருந்து தப்பி வந்த உக்ரைன் மாணவி ஒருவர் வரைந்தார். இந்தப் பெட்டியில் உள்ள எதுவும் அரிய நாணயம் இல்லை. விலை வைத்துப் பார்த்தால் சொற்பம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். தேனீ பிடிக்குமென்றால் உலகத் தேனீ நாளுக்காக ஸ்லோவேனியா 2018-இல் வெளியிட்டது இருக்கிறது. அந்த நாளை ஐ.நா. அறிவித்ததே ஸ்லோவேனியாவின் முயற்சியால்தான்.

எங்கே கிடைக்கும்?

சில்லறைதான் முதல் ஊற்று. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில் வெளிநாட்டுக் காசு அதிகம் புழங்கும். பேராலயச் சதுக்கம், விமான நிலையம், பெரிய ரயில் நிலையம், வாரச் சந்தை. தானியங்கி இயந்திரத்தில் 5 யூரோத் தாள் போட்டு மீதி வாங்குவதும் ஒரு வழி. கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். எங்கள் தெருவில் காய்கறி விற்கும் துருக்கியப் பெரியவர் இப்போது வித்தியாசமான 2 யூரோ வந்தால் கல்லாவில் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்.

அடுத்தது வங்கி ரோல், அதாவது காசுகளை அடுக்கித் தாளில் சுற்றிய உருளை. 2 யூரோ ரோலில் பொதுவாக 25 காசு, ஆக 50 யூரோ. வாங்கி, பார்த்து, வேண்டாததைத் திரும்பச் செலவழித்துவிடலாம். பல வங்கிகள் ரோலுக்குக் கட்டணம் பிடிக்கின்றன, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் புதிய நினைவு நாணயம் வெளியாகும்போது ஜெர்மன் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் கிளைகளில் முக மதிப்புக்கே கிடைக்கும். அன்று காலையில் வரிசை இருக்கும்.

நம்மவர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. நம் சொந்தமும் நட்பும் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. எனக்குப் பாரிஸில் சித்தி இருக்கிறார். லா சப்பல் பக்கம் கடைக்குப் போய் வரும்போதெல்லாம் சில்லறையைப் பார்த்து எடுத்து வைப்பார். இத்தாலிக் காசெல்லாம் பலெர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வழியாக வந்தவை. வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பி, "சித்தி, இது வந்தா செலவழிச்சிடாதீங்க" என்று சொல்லி வைத்தால் போதும். கல்யாணம், கோயில் திருவிழா என்று சந்திக்கும்போது கை மாற்றிக்கொள்கிறோம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களும் இப்படித் தொடங்கலாம். ஊருக்கு வரும் உறவினரிடம் மிட்டாய்ப் பெட்டிக்குப் பதில் நான்கு நாட்டு 2 யூரோ கேளுங்கள்.

இதற்குப் பிறகும் கிடைக்காதவற்றுக்குத்தான் வணிகர். பரவலாக அச்சான, புழங்காத ஒரு காசுக்கு நான் பொதுவாக 3 முதல் 5 யூரோ வரை கொடுக்கிறேன். இணைய ஏலத் தளத்தில் வாங்குவதென்றால் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். யாரும் எந்தக் காசுக்கும் ஆயிரம் யூரோ கேட்கலாம். அது விற்றதா என்பதுதான் கேள்வி.

தரமும் அச்சு எண்ணிக்கையும்

வணிகரிடம் போனால் சில சொற்கள் காதில் விழும். யூஎன்சி என்றால் புழங்காத சாதாரண அச்சு, ரோலிலிருந்து எடுத்தது. பியூ என்றால் கூடுதல் கவனத்தோடு அச்சிட்டு அட்டையிலோ தொகுப்பிலோ வருவது. ப்ரூஃப் என்பது கண்ணாடி போன்ற பின்புலத்தில் படம் மட்டும் பனி படர்ந்தாற்போல நிற்கும் உயர்தர அச்சு. அட்டையில் பொதிந்த நாணயத்தை அட்டையோடே வையுங்கள், பிரித்தால் விலை இறங்கிவிடும். என் ரசனைக்குப் புழங்காத சாதாரண காசே போதும். ப்ரூஃப் பார்க்க அழகு, ஆனால் அது யார் கையையும் தொட்டு வந்ததில்லை.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அச்சு எண்ணிக்கை. 2004-இல் ஃபின்லாந்து 10 லட்சம் வெளியிட்டது, சான் மரினோ 1,10,000 மட்டுமே. எல்லோரும் சொல்லும் கதை மொனாக்கோவுடையது. நடிகையாக இருந்து மொனாக்கோவின் இளவரசியான கிரேஸ் கெல்லி இறந்த 25-ஆம் ஆண்டுக்கு 2007-இல் வெளியிட்ட நாணயம் 20,001 மட்டுமே. இன்று அது ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விலைபோகிறது. அதை நினைத்து ஏங்க வேண்டாம். மொனாக்கோ காசு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? அப்படியென்றால் ஐ.நா.வில் சேர்ந்த 20-ஆம் ஆண்டுக்கு 2013-இல் வெளியிட்டதைத் தேடுங்கள். அது சுமார் பன்னிரண்டு லட்சம் வந்தது. புதியவர் பாக்கெட்டுக்கு எட்டக்கூடிய மொனாக்கோ அதுதான்.

பழையது என்பதால் அரியதாகிவிடாது. என் வட்டெறி வீரன் முதல் நினைவு நாணயம்தான், ஆனால் மூன்று கோடிக்கும் மேல் அச்சானது. அதனால்தான் அது ரொட்டிக் கடைக்கே வந்து சேர்ந்தது.

ஏமாறாமல் இருக்க

"இந்த 2 யூரோ உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி" என்று அடிக்கடி செய்தி சுற்றும். அதில் காட்டப்படும் ஒன்று, 2002-ஆம் ஆண்டு கிரேக்க 2 யூரோ; கீழே உள்ள ஒரு நட்சத்திரத்துக்குள் எஸ் எழுத்து இருக்கும். அது பிழை இல்லை. அந்த ஆண்டு கிரீஸின் காசில் ஒரு பகுதியை ஃபின்லாந்தில் அச்சிட்டார்கள். ஃபின்லாந்தை அந்நாட்டு மொழியில் சுவோமி என்பார்கள், அதன் முதலெழுத்து அது. கோடிக்கணக்கில் வந்த காசு. உண்மையான பிழை நாணயமும் உண்டு: 2008 ஹாம்பர்க் நாணயத்தில் ஸ்டுட்கார்ட் நாணயச்சாலை அச்சிட்ட ஒரு பகுதி, பொதுப் பக்கத்தில் எல்லைக் கோடுகள் உள்ள பழைய வரைபடத்தோடு வெளிவந்துவிட்டது. எஃப் எழுத்துக் காசு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.

போலந்து, இங்கிலாந்து, ஸ்வீடன் பெயரில் "மாதிரி யூரோ" என்று விற்பார்கள். அந்த நாடுகள் யூரோவே வெளியிட்டதில்லை. தனியார் அடித்த வில்லைகள் அவை. தங்க முலாம் பூசியதும், தனியார் வண்ணம் தீட்டியதும் அப்படித்தான். நல்ல காசைக் கெடுத்து விலை ஏற்றி விற்கிறார்கள். நாணயச்சாலையே வண்ணம் சேர்த்து வெளியிடுவதும் உண்டு என்பதால், அட்டையில் நாணயச்சாலையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கள்ளக் காசு அடிப்பவர்கள் யூரோ காசுகளில் அதிகம் அடிப்பது 2 யூரோவைத்தான். சோதிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். நடுப்பகுதியில் நிக்கல் அடுக்கு இருப்பதால் அசல் காசு லேசாக ஒட்டும், ஒரு குலுக்கில் விழுந்துவிடும். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாலோ, கொஞ்சமும் ஒட்டாமல் போனாலோ சந்தேகப்படுங்கள். எடை 8.50 கிராம், விட்டம் 25.75 மில்லிமீட்டர், தடிமன் 2.20 மில்லிமீட்டர். மேலும் கீழும் விரலால் பிடித்துச் சுழற்றினால் இரண்டு பக்கப் படமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அவசரத்தில் தாய்லாந்தின் 10 பாட், துருக்கியின் 1 லிரா போன்றவையும் கைக்கு வந்துவிடும். அவையும் இரட்டை நிற உலோகம், அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வைத்துக் காப்பது

என் வட்டெறி வீரன் கறுத்து மங்கிப்போயிருந்தான். நம் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போல, புளி கரைத்துத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பிறகு உருப்பெருக்கியில் பார்த்தபோது முகம் முழுக்க முடி போன்ற கீறல்கள், நடுப்பகுதியில் திட்டுத் திட்டாக ஒரு இளஞ்சிவப்பு. அது இனி சரியாகாது. அந்தக் காசை மாற்ற மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன், பக்கத்தில் புழங்காத வேறொன்றும் இருக்கிறது. புளி, எலுமிச்சை, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் தூள் எதையும் காசில் வைக்காதீர்கள். மிகவும் அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு, அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது.

ஒரு கடையில் மலிவாக வாங்கிய பிளாஸ்டிக் உறை ஆல்பத்தால் இன்னொரு பாடம் கிடைத்தது. இரண்டு கோடைக்குப் பிறகு காசுகளில் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு. அந்த உறை பிவிசியால் ஆனது, சூட்டில் கசிந்து உலோகத்தை அரித்துவிடும். வாங்கும்போதே பிவிசி இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிடித்த காசுகளுக்கு 26 மில்லிமீட்டர் கேப்சூல், அதாவது ஒரு காசை மூடி வைக்கும் சின்ன வட்டப் பெட்டி, தனியாகக் கிடைக்கிறது. நூறு வாங்கினால் விலை குறையும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் பட்டால் ரேகை நிரந்தரமாகப் பதியலாம். சமையலறை அலமாரியிலும் சாமி மாடத்திலும் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் படியும். சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றிவிடுங்கள்.

கணக்கு எழுதுதல், மாற்றிக்கொள்ளுதல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாடு, ஆண்டு, எதன் நினைவு, நாணயச்சாலை எழுத்து, தரம், கொடுத்த விலை. இவற்றோடு எங்கே, யாரிடமிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். முதல் இரண்டு ஆண்டு நான் அதை எழுதவில்லை. இப்போது அந்தக் காசுகளைப் பார்த்தால் எந்த ஊரில் கிடைத்தவை என்று நினைவுக்கு வர மறுக்கிறது. கணினியில் வைத்துக்கொள்ள விரும்பினால் நுமிஸ்டா தளத்தில் உங்கள் பட்டியலை இலவசமாகப் பதிந்து, மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களையும் தேடலாம்.

இரட்டையாக வந்தவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். மாற்றிக்கொள்வதில் ஒன்றுக்கு ஒன்று, அச்சு எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் பின்பற்றும் வழக்கம். முதலில் இரு பக்கமும் தெளிவான படம் அனுப்பிக் கொள்ளுங்கள்; கீறல் இருந்தால் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். தபாலில் அனுப்பும்போது காசு குலுங்காதபடி அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாதாரண உறையில் போட்டால் தபால் இயந்திரத்தில் கிழிந்து காசு வெளியே போய்விடும். புதியவர் ஒருவரோடு முதல் முறை மாற்றும்போது இரண்டு மூன்று காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகு அடுத்த உறை பெரிதாக இருக்கட்டும்.